அவருக்குக் கேட்டது

2003ஆம் வருஷம் பொங்கலுக்காக செராமிக் யூனிட்டை மூன்று நாள் மூடியிருந்தார்கள். மாட்டுப் பொங்கலன்று காலையில் கலியமூர்த்தி அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். "நல்ல நாளும் அதுவுமா எங்க கெளம்பிட்டீங்க?" என்று நீலாவதி அண்ணி கேட்டாள். "மில்லு ஓடுது. எவனோ நிறுத்தாம வுட்டுட்டுப் போயிட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் தெருவிலிருந்து செராமிக் எஸ்டேட் இரண்டு கிலோமீட்டர். யூனிட் கேட்டில் பூட்டுத் தொங்கியது. வாட்ச்மேன் கொளஞ்சி கரும்பு கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "மெயினையே எறக்கிட்டுப் போயிட்டாங்க அண்ணே, எப்பிடி ஓடும்?" என்றான். அண்ணன் கதவில் காதை வைத்துப் பார்த்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது. சைக்கிளை மிதித்து மணிமுத்தாற்றுப் பாலம் வரைக்கும் போய் நின்றார். அங்கேயும் ஓடியது. அப்போதுதான் அந்தச் சத்தம் தன் காதுக்குள் இருப்பது அவருக்குத் தெரிந்தது.

பால் மில் என்பது கல் அரைக்கிற, ஆள் உயரத்துக்கும் மேலான இரும்புப் பீப்பாய். உள்ளே கூழாங்கற்கள் கிடக்கும். வெள்ளைக் கல்லையும் களிமண்ணையும் தண்ணீரையும் கொட்டி மூடிச் சுற்றவிட்டால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கடகடவென்று உருளும். அரைபட்டுப் பாலாக இறங்குவதைக் கொண்டுதான் ஃபியூஸ் கட்டை, பொம்மை, அகல் விளக்கு எல்லாம் செய்வார்கள். பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றாலும் காதில் வாயை வைத்துக் கத்த வேண்டும். அண்ணன் பத்தொன்பது வருஷமாக அந்தப் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

அண்ணிக்கும் அதே யூனிட்தான். அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த ஃபியூஸ் கட்டைகளில் ஓரம் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை பிளேடால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, வாயால் ஊதிப் பலகையில் அடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரம் கட்டைக்குக் குறையாது. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம், மூக்கு நுனி, தலை எல்லாம் வெளுத்திருக்கும். பின்பக்கம் போய் முகத்தைக் கழுவிய பிறகுதான் அண்ணி நல்ல கறுப்பு என்பது தெரியும். முகத்துக்குக் கட்டிக்கொள்ள யூனிட்டில் யாரும் எதுவும் கொடுத்ததில்லை. முந்தானைதான்.

நான் ஸ்ரீமுஷ்ணத்துக்காரி. விருத்தாசலம் கிளை நூலகத்தில் வேலை கிடைத்து வந்தபோது, அவர்கள் குடியிருந்த ஓட்டு வீட்டின் மறுபாதி வாடகைக்குக் கிடைத்தது. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அவர்கள் வீட்டில் குழம்பு தாளித்தால் எனக்குக் கண் எரியும். அவர்களுக்கு இனியா என்று ஒரே மகள். அவளை வேப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மகள் இருந்த இடத்தில் அண்ணி என்னை வைத்துக்கொண்டாள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அவித்தால் ஒரு கிண்ணம் வரும். கருவாட்டுக் குழம்பு வைத்தால் மறுநாள் சுண்டவைத்தது வரும். "பழசாத்தான் ருசி, சாப்புடு" என்பாள்.

அந்தப் பொங்கலுக்குப் பிறகு இரண்டு வருஷம் அண்ணன் சரியாகத் தூங்கவில்லை. கடலூரில் காது டாக்டர் பார்த்துவிட்டு, நரம்பு கெட்டுவிட்டது, மருந்து கிடையாது, பழகிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார். அண்ணன் காதில் பஞ்சை அடைத்துப் பார்த்தார். உள்ளே இருக்கிற சத்தம் இன்னும் பெரிதானது. வேலை நேரத்தில் மட்டும் நிம்மதியாக இருந்தார். வெளியே மில் ஓடும்போது உள்ளே ஓடுவது தெரியாதாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜங்ஷனுக்குப் போய் கூட்ஸ் வண்டிகள் போகிற பக்கம் நின்றுகொள்வார். ஒரு தடவை தண்டவாளத்துக்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கிறார் என்று யாரோ சொல்லி, அண்ணி செருப்புப் போடாமல் ஓடினாள். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தவள் அன்றைக்கு என்னிடம், "எதுனா புஸ்தகத்துல இதுக்கு வழி போட்டிருக்குதா பாரு பிரியா" என்றாள்.

புத்தகத்தில் இல்லை. ஆனால் 2005 ஆரம்பத்தில் எங்கள் நூலக நோட்டீஸ் பலகையில் ஒட்டச் சொல்லி ஒருவர் ஒரு தாள் கொண்டுவந்து கொடுத்தார். 'இசை, இயற்கை ஒலி மூலம் தியானம். ஞாயிறு காலை ஆறு மணி. கட்டணம் இல்லை.' கொடுத்தவர் பெயர் மாணிக்கவேல். கடலூர் ரோட்டில் டேப் ரெக்கார்டர், டிவி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். நான்தான் அந்தத் தாளைப் பற்றி அண்ணியிடம் சொன்னேன். இன்றைக்கும் அது என் மனதில் இருக்கிறது.

முதல் ஞாயிறு மூன்று பேரும் போனோம். கடைக்கு மேலே தகரக் கொட்டகை. கோரைப்பாய் விரித்திருந்தது. எட்டுப் பேர் இருந்தார்கள். முதலில் புல்லாங்குழல் கால் மணி நேரம். பிறகு மாணிக்கவேல் தானே பதிவு செய்த கேசட். முந்திரித் தோப்பில் பெய்கிற மழை, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டில் தண்ணீர் விழுவது, வயலில் தவளைகள். கடைசியில் கேசட்டை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் சுற்றிலும் என்ன கேட்கிறதோ அதைக் கேட்கச் சொன்னார்.

"சத்தம் வரும், போவும். இது என்னா சத்தம், யாரு போடற சத்தம்னு பேரு வெக்காதீங்க. நல்லது கெட்டது பாக்காதீங்க. வர்றத உள்ள வுடுங்க, போறத வெளிய வுடுங்க" என்றார்.

அண்ணன் கண்ணைத் திறந்து, "எனக்கு மில்லுதான் கேக்குது" என்றார்.

"அதுவும் ஒரு சத்தந்தாங்க. அத்தத் தொரத்தாதீங்க. மழ கேக்கற மாதிரி அதையும் கேளுங்க."

கொஞ்ச நேரத்தில் அண்ணன் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அண்ணி அவரைத் தொடப் போனாள். மாணிக்கவேல் வேண்டாமென்று கை காட்டினார்.

திரும்பி வரும்போது ஹோட்டலில் இட்லி சாப்பிட்டோம். "கொறஞ்சிதா?" என்று அண்ணி கேட்டாள். "கொறையில. ஆனா அது ஒரு ஓரமா இருந்துது, நான் ஒரு ஓரமா இருந்தேன்" என்றார் அண்ணன். அண்ணி இன்னும் இரண்டு இட்லி வைக்கச் சொன்னாள்.

அதிலிருந்து அண்ணன் ஒரு நாள் விடவில்லை. காலையில் ஐந்திலிருந்து ஆறு வரை பின்பக்கம் முருங்கை மரத்தடியில் சாக்கு விரித்து உட்கார்ந்துவிடுவார். முதல் இரண்டு மாதம் கேசட். அப்புறம் அதுவும் வேண்டியிருக்கவில்லை. சித்திரையில் ஒரு நாள் அண்ணி சுவரைத் தட்டி என்னைக் கூப்பிட்டாள். போனால் கூடத்தில் அண்ணன் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். பகல் பதினோரு மணி, ஞாயிற்றுக்கிழமை. "பாத்தியா பிரியா, ரெண்டு வருஷம் ஆச்சு இப்பிடித் தூங்கி. பேசாம இரு, எழுந்துடப் போறாரு" என்று கிசுகிசுத்தாள். அன்றைக்கு மிக்ஸியைப் போடாமல் அம்மியில் அரைத்தாள். தெருவில் கீரை விற்கிறவள் கத்தாமல் இருக்க வாசலில் போய் நின்றுகொண்டாள்.

அண்ணனுக்கு அது ஒரு வித்தையாகவே வந்துவிட்டது. மாணிக்கவேல் புதிதாக வருகிறவர்களிடம் அவரைத்தான் காட்டுவார். அந்த வருஷம் மார்கழியில் ஒரு நாள் அண்ணன் என்னிடம் தன் விடியற்காலையைச் சொன்னார். "அஞ்சு மணிக்குப் பழமலைநாதர் கோயில் மணி. அது முடியறதுக்குள்ள சேலம் பக்கம் போற வண்டி. அப்பறம் செம்போத்து கத்தும், ஆத்தங்கரைலேருந்து. அஞ்சே காலுக்கு உள்ளேருந்து இருமலு. அப்பறம் பக்கத்துத் தெருவுல பம்பு அடிப்பாங்க. மொத பஸ்ஸு. அதுக்கப்பறம் காக்கா எல்லாம் ஒண்ணா. ஒண்ணையும் புடிச்சி வெச்சிக்க மாட்டேன். அது பாட்டுக்கு வரும், போவும்."

கேட்க நன்றாக இருந்தது. அழகாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்த இருமல் யாருடையது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கும் அது சுவர் வழியாகத் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அதற்கு முன்னால் ஐப்பசியில் விடாத மழை. ஆற்றில் பாலத்தைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் போனது. யூனிட்டில் சரக்கு காயாததால், கதவு ஜன்னலை எல்லாம் அடைத்துவிட்டு உள்ளேயே வைத்துப் பிசிறு எடுத்தார்கள். தூசி வெளியே போக வழியில்லை. அண்ணிக்கு இருமல் பிடித்தது அப்போதுதான். "டாக்டருகிட்ட காட்டுங்க அண்ணி" என்று நான் ஒரு தடவையோ இரண்டு தடவையோ சொன்னேன். "தூசிதான். பதினாறு வருஷமா தின்னுற தூசி. மொளகு ரசம் வெச்சிக் குடிச்சா எறங்கிடும்" என்றாள். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாள்.

அடுத்த ஆடிக்குள் அவள் ஜாக்கெட் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போது வழியில் இரண்டு இடத்தில் இறக்கிவைத்தாள். விடியற்காலையில் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு இருமுவாள். ஒரு நாள் பால் வாங்கப் போகும்போது பார்த்துவிட்டேன். விரலை உதட்டில் வைத்துப் பின்பக்கம் காட்டினாள். முருங்கை மரத்தடியில் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படி ஓர் அமைதி.

புரட்டாசியில் ஒரு நாள் மத்தியானம் யூனிட்டில் கட்டை அடுக்கிய பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கட்டைகள் எல்லாம் தரையில் சிதறின. மூச்சு வரவில்லை. ஊரில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். சீட்டு படிக்க, கவுன்ட்டரில் பேச ஆள் வேண்டுமென்று நானும் லீவு போட்டுவிட்டு அவர்களோடு பஸ் ஏறினேன். பண்ருட்டி தாண்டும்வரை அண்ணி என் தோளில் சாய்ந்திருந்தாள். பலாப்பழ வாசனை வருகிறதா என்று கேட்டாள். புரட்டாசியில் ஏது பலாப்பழம். வருகிறது என்றேன்.

டாக்டர் இளவயதுப் பெண். படத்தை வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"எவ்வளவு நாளா இருமல்மா?"

"ரெண்டு மாசமா இருக்குதுங்க" என்றாள் அண்ணி.

"இல்ல டாக்டரம்மா" என்றார் அண்ணன்.

நாங்கள் இருவரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் டாக்டரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு போனார்.

"போன ஐப்பசி மழைல ஆரம்பிச்சிது. மொதல்ல காலைல அஞ்சே காலுக்கு மூணே மூணு இருமலு. வறட்டு இருமலு. அதோட நின்னுடும். கார்த்திக, மார்கழி அப்பிடித்தான். தை பொறந்ததும் ஏழு எட்டு ஆச்சு. அப்ப அடியில ஒரு கரகரப்பு சேந்துது. சித்திரைல இருமி முடிச்சதும் மூச்சு இழுக்கற சத்தம், சன்னமா, விசிலு மாதிரி. ஆடியிலேருந்து வாயில துணிய வெச்சிக்கிட்டு இருமுறா. அதனால சத்தம் அமுங்கி வருது. ஆனா முன்னவிட இப்ப நீளம். அஞ்சு நிமிசம் ஆவுது."

டாக்டர் எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தினார். "பக்கத்துல உக்காந்து கேட்ட மாதிரி சொல்றீங்களே."

"தெனமும் கேப்பேங்க."

"அப்ப ஏங்க ஒரு வருஷமா கூட்டிட்டு வரல?"

அண்ணி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டு, இன்னும் இரண்டு பரிசோதனை எடுத்த பிறகு, டாக்டர் சொன்னார். கல்தூசி இரண்டு நுரையீரலிலும் படிந்து இறுகிவிட்டது. அதை எடுக்க முடியாது. இனிமேல் அந்த வேலைக்குப் போகவே கூடாது. ஆறேழு மாதம் முன்னால் வந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது, ஆனாலும் மாத்திரையும் மூச்சு மருந்தும் கொண்டு தள்ளிக்கொண்டு போகலாம் என்றார்.

வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தோம். டீயும் பன்னும் வாங்கி வந்தேன். அண்ணி பன்னை டீயில் நனைத்து மெதுவாகத் தின்றாள். பாதி தின்ற பிறகு கேட்டாள்.

"ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சி நீலா."

"மொதல்லேருந்தேவா?"

"மொதல்லேருந்தே."

"அப்பறம் ஏன் என்னா ஏதுன்னு கேக்கல?"

"எது கேட்டாலும் இது இன்னதுன்னு நெனைக்காம வுடணும்னு சொன்னாங்க. அப்பிடியே உக்காந்து உக்காந்து..."

"எழுந்தப்பறம்?"

அண்ணன் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எழுந்தப்பறம் மனசு லேசா இருக்கும். ஒண்ணும் தோணல" என்றார். பிறகு, "நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

"ரெண்டு வருஷம் தூங்காத மனுசன் தூங்கறீங்க. அத்தக் கெடுக்க மனசு வரல." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் வேற மாதிரி நெனச்சிக்கிட்டு இருந்தேன். மில்லு ஒங்க காதத் தின்னுடுச்சி, சின்னச் சத்தம் எல்லாம் கேக்காது, அதான் கேக்கலன்னு. கேட்டிருந்தா வுட்டிருக்க மாட்டாருன்னு. அதனால எனக்கு ஒண்ணும் கொறையா தெரியில."

கோபமாகச் சொல்லவில்லை. வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். மீதி பன்னை என்னிடம் கொடுத்துவிட்டு, "போவலாமா?" என்று எழுந்தாள்.

அடுத்த ஞாயிறு அண்ணன் மாணிக்கவேல் கடைக்குப் போனார். அவர் போன வேகத்தைப் பார்த்து நானும் பின்னால் போனேன். மேலே பதினோரு பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். மழைக் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் அதை நிறுத்தினார்.

"எம் பொண்டாட்டி ஒரு வருஷமா இருமிக்கிட்டு இருந்தா. நான் அத்தக் குருவி கத்தற மாதிரி கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்றார்.

மாணிக்கவேலுக்கு முதலில் புரியவில்லை. நான் விவரம் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"உக்காந்திருக்கற ஒரு மணி நேரத்துக்குத்தாங்க அத்தச் சொன்னேன். எழுந்து வந்தா பொஞ்சாதி பொஞ்சாதிதான, இருமல் இருமல்தான" என்றார்.

"உக்கார சொல்லிக் கொடுத்தீங்க. எழுந்திருக்க சொல்லிக் கொடுக்கலியே."

மாணிக்கவேல் கேசட்டை வெளியே எடுத்துவிட்டு, "கொடுத்திருக்கணும்" என்றார். அந்தப் பதினோரு பேரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடந்ததாக நான் கேள்விப்படவில்லை. நூலகப் பலகையில் இருந்த தாளை நானே கிழித்தேன்.

அண்ணன் மறுபடி உட்காரவில்லை. ஒரு மாதத்துக்குள் காதில் மில் பழையபடி உருள ஆரம்பித்தது, தூக்கம் போனது. "என் மேல இருக்கற கோவத்துல நிறுத்தாதீங்க. போயி உக்காருங்க" என்று அண்ணிதான் சொன்னாள். "எனக்கு ஒம்மேல என்னா கோவம். வேணாம் வுடு" என்றார். எஸ்டேட் பக்கத்துக் காற்றே ஆகாது என்று இனியா வந்து அண்ணியை வேப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அண்ணன் வாரத்துக்கு இரண்டு முறை போய்வந்தார். மாதம் ஒரு முறை நானும் போவேன்.

போகிற போதெல்லாம் அண்ணன் கேட்டுக்கொண்டே இருப்பார். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, எந்தப் பக்கம் வலிக்கிறது, முதுகிலா நெஞ்சிலா, தூங்கினாயா, எத்தனை தரம் எழுந்தாய். ஒன்று விடாமல் கேட்பார். அண்ணிக்கு அதற்குள் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச மூச்சு பற்றாது. இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை நிறுத்துவாள். அப்படியும் விடாமல் பதில் சொன்னாள். கடைசி மாதங்களில் முடியவில்லை. ஒரு நாள் அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கையை எடுத்து அவர் வாயில் வைத்தாள். அவர் நிறுத்திக்கொண்டார். அவள் கையை எடுக்கவில்லை. அப்படியே தூங்கிப்போனாள். அந்தக் கை கீழே விழுந்துவிடாமல் அவர் தன் கையால் தாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

2008 ஆவணியில் அண்ணி இறந்துபோனாள். நாற்பத்தேழு வயது.

கருமாதி முடிந்து நான் கிளம்பியபோது அண்ணன் என்னை பஸ் ஏற்றிவிட வந்தார். வேப்பூர் கூட்ரோட்டில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. நல்ல வெயில். ஒரு புரோட்டாக் கடையின் நிழலில் நின்றோம். மொட்டையடித்த தலையில் துண்டைப் போட்டிருந்தார்.

"பிரியா" என்றார்.

"சொல்லுங்கண்ணே."

"அன்னிக்கி ஆஸ்பத்திரில ரெண்டு மாசம்னு சொன்னா இல்ல?"

"ஆமாம்."

"நான் அத்த அப்பிடியே வுட்டிருக்கணும்."

"நீங்க சரியா சொன்னதாலதான டாக்டருக்கு விவரம் புரிஞ்சிது" என்றேன்.

"டாக்டருக்குப் புரிஞ்சி என்னா ஆயிடுச்சி? படத்துலதான் எல்லாம் இருந்துதே." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்குக் கேக்கலன்னு நெனச்சிக்கிட்டுப் போயிருப்பா. அது ஒண்ணு இருந்துது அவகிட்ட. அதையும் நாந்தான் வாங்கிக்கிட்டேன்."

விருத்தாசலம் பஸ் வந்தது. அவர் ரோட்டுக்கு இறங்கிக் கையை நீட்டி நிறுத்தினார். நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, "போயிட்டு வரேண்ணே" என்றேன். லாரி இரைச்சலில் அவருக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தேன். ஆனால் அவர் தலையை ஆட்டினார்.